எந்த மதிப்பெண்ணை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது? எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. எழுதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அக்டோபர் கடைசி வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "பையனுக்கு 1440 வந்திருக்கிறது, அனுப்பலாமா சார்?" எந்தக் கல்லூரிக்கு என்று கேட்டால் மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "எல்லாவற்றுக்கும்தான்."

எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. இரண்டும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வுகள். 1440 என்பது எஸ்.ஏ.டி.யில் 1600-க்கு வாங்கியது. அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் அது நல்ல மதிப்பெண்ணா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. ஒரே 1440 ஓர் இடத்தில் கதவைத் திறக்கும், இன்னோர் இடத்தில் சுமையாகும், மூன்றாவது இடத்தில் யாரும் அதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே கல்லூரியின் விதியை முதலில் படிக்க வேண்டும், மதிப்பெண்ணை அதன் பிறகுதான் எடுக்க வேண்டும். என் மகளுக்கும், பிறகு உறவிலும் நட்பிலும் சில பிள்ளைகளுக்கும் இதைச் செய்து பார்த்ததில், தடுமாறியவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள்தான். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்குமுன் மேசைமேல் இருக்க வேண்டியவை

கல்லூரிப் பட்டியல், காலேஜ் போர்டு (எஸ்.ஏ.டி.யை நடத்தும் அமைப்பு) கணக்கின் கடவுச்சொல், ஏ.சி.டி. எழுதியிருந்தால் அந்தக் கணக்கின் கடவுச்சொல், பாஸ்போர்ட், ஒரு வெற்றுத்தாள். கணினியில் அட்டவணை போடுகிறவர்கள் போடலாம். எனக்குத் தாள்தான் வசதி.

கணக்கைத் திறந்ததும் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் எழுதிய எல்லாத் தேர்வுகளும் அங்கே தெரிகின்றனவா? பத்தாம் வகுப்பில் பள்ளி மின்னஞ்சலில் ஒரு கணக்கு, பன்னிரண்டில் சொந்த மின்னஞ்சலில் இன்னொரு கணக்கு என்று திறந்தவர்கள் நிறையப் பேர். அப்படி இருந்தால் மதிப்பெண்கள் இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கும். கணக்குகளை இணைக்கச் சொல்லி காலேஜ் போர்டுக்கு இப்போதே எழுதுங்கள். கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் எழுதினால் பயனில்லை.

2. கல்லூரிகளை விதிப்படி பிரியுங்கள்

ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் 'ஸ்டாண்டர்டைஸ்டு டெஸ்டிங்' என்ற பகுதி இருக்கும். அதைப் படித்துவிட்டு, கல்லூரியின் பெயருக்கு எதிரே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதல் கேள்வி: தேர்வு கட்டாயமா, விருப்பமா, பார்க்கவே மாட்டார்களா?

மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. (குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை நினைத்துவிட வேண்டாம்) 2022-இலேயே தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது. 2024-இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவை அதே வழியில் போயின. யேல் அந்த ஆண்டு வேறொரு பாதை எடுத்தது. தேர்வு கட்டாயம், ஆனால் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி., ஏ.பி. (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வுகள்), ஐ.பி. (சர்வதேசப் பள்ளிப் பாடத்திட்டத்தின் தேர்வுகள்) நான்கில் எதைத் தருவது என்பது மாணவர் விருப்பம் என்றது. கொலம்பியா 2023-இல் 'விருப்பம்' என்பதையே நிரந்தரக் கொள்கையாக அறிவித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் உள்ளிட்ட எல்லா வளாகங்களும் சேர்க்கை முடிவுக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. 1600 வாங்கியிருந்தாலும் அங்கே அது கணக்கில் வராது.

இரண்டாவது கேள்வி: பல முறை எழுதியிருந்தால் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

இதில் மூன்று வகை உண்டு. வெவ்வேறு தேதிகளில் எழுதியதிலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் அதிகபட்சத்தை எடுத்துக் கூட்டுவது சூப்பர் ஸ்கோர். ஒரே நாளில் வாங்கிய மொத்தத்தில் உயர்ந்ததை மட்டும் பார்ப்பது இரண்டாம் வகை. மூன்றாவது, எழுதிய எல்லாத் தேர்வுகளையும் காட்டச் சொல்வது. ஜார்ஜ்டவுன் நெடுங்காலமாக இந்த மூன்றாம் வகையில் இருந்து வந்திருக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காலேஜ் போர்டின் 'ஸ்கோர் சாய்ஸ்' வசதியில் எந்தத் தேதி மதிப்பெண்ணை அனுப்புவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எல்லாவற்றையும் கேட்கும் கல்லூரிக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தாலும் அது உங்களைத் தடுக்காது. அதனால் அனுமதி உண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விதியைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு மாணவருடையது. மீறியது பின்னால் தெரியவந்தால் கிடைத்த இடமே போகலாம்.

படித்த பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். இந்தக் கொள்கைகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்பி விண்ணப்பித்து, தேர்வு கட்டாயமாகிவிட்டதை டிசம்பரில் கண்டுபிடித்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். நான் மேலே எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாமல் அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தைப் பாருங்கள்.

3. மதிப்பெண்களை எழுதிக் கூட்டுங்கள்

இப்போதுதான் மதிப்பெண்ணுக்கு வருகிறோம். ஒரு மாணவி மூன்று முறை எஸ்.ஏ.டி. எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச்: வாசிப்பு–எழுத்து 680, கணிதம் 760, மொத்தம் 1440.
ஆகஸ்ட்: வாசிப்பு–எழுத்து 730, கணிதம் 720, மொத்தம் 1450.
அக்டோபர்: வாசிப்பு–எழுத்து 700, கணிதம் 790, மொத்தம் 1490.

சூப்பர் ஸ்கோர் எடுக்கும் கல்லூரிக்கு இவள் கணக்கு 730 + 790 = 1520. அதற்கு ஆகஸ்ட், அக்டோபர் இரண்டு தேதிகளும் போக வேண்டும். மார்ச் எதையும் கூட்டவில்லை, அதை விட்டுவிடலாம். ஒரே நாள் மொத்தம் பார்க்கும் கல்லூரிக்கு அக்டோபர் மட்டும் போதும். எல்லாம் கேட்கும் கல்லூரிக்கு மூன்றும் போகும்.

பலர் சறுக்குவது ஆகஸ்ட் விஷயத்தில்தான். "மொத்தம் வெறும் 1450, அதை ஏன் காட்ட வேண்டும்?" என்று அக்டோபரை மட்டும் அனுப்பிவிடுவார்கள். 1520-ஆக இருக்க வேண்டியது 1490-ஆகவே நின்றுவிடும். அதிகாரபூர்வ அறிக்கையில் ஒரு தேதியின் இரண்டு பிரிவுகளும் சேர்ந்தே போகும். ஆகஸ்ட் 730-ஐ மட்டும் கிள்ளி எடுத்து அனுப்ப முடியாது. 720 கணிதமும் கூடவே போகட்டும், கவலை வேண்டாம். சூப்பர் ஸ்கோர் எடுப்பதாக ஒரு கல்லூரி எழுதி வைத்திருந்தால் அங்கே கணக்கில் வருவது உயர்ந்த எண்தான்.

4. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. இரண்டும் எழுதியிருந்தால்

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் கலந்து யாரும் சூப்பர் ஸ்கோர் போடுவதில்லை.

ஒப்பிடுவதற்கு இரு நிறுவனங்களும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட அட்டவணை உண்டு. அதன்படி ஏ.சி.டி. 36 என்பது எஸ்.ஏ.டி. 1570 முதல் 1600 வரை, 35 என்பது 1530 முதல் 1560 வரை, 34 என்பது 1490 முதல் 1520 வரை, 33 என்பது 1450 முதல் 1480 வரை. நம் மாணவி ஏ.சி.டி.யில் 34 வாங்கியிருந்தால் அவளுடைய 1490-உம் 1520-உம் அதே பெட்டிக்குள்தான் விழுகின்றன. அப்படிச் சமமாக இருக்கும்போது அவள் படிக்க விரும்பும் துறையைப் பாருங்கள். பொறியியல் என்றால் 790 கணிதம் கண்ணில் படும்படி எஸ்.ஏ.டி.யை அனுப்புவேன்.

2025 முதல் புதிய ஏ.சி.டி.யில் அறிவியல் பகுதி விருப்பமாகிவிட்டது. மொத்த மதிப்பெண் ஆங்கிலம், கணிதம், வாசிப்பு மூன்றின் சராசரி. அறிவியலையும் எதிர்பார்க்கிறார்களா என்பதை இரண்டாம் படியில் படிக்கும் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

5. 'விருப்பம்' என்ற கல்லூரிக்கு அனுப்புவதா, வேண்டாமா?

கட்டாயம் என்றால் அனுப்பப் போகிறோம், பார்க்க மாட்டார்கள் என்றால் விடப் போகிறோம். யோசிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரக் கோப்பு அது. அதில் சி9 என்ற பகுதிக்குப் போங்கள். சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள், அவர்களுடைய 25, 50, 75-ஆம் பெர்சன்டைல் எவ்வளவு என்று இருக்கும். மதிப்பெண் கொடுத்த நூறு பேரைக் குறைவிலிருந்து கூடுதலாக வரிசையில் நிறுத்தினால் 25-ஆவது, 50-ஆவது, 75-ஆவது ஆள் வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல்லூரியில் அந்த மூன்று எண்களும் 1450, 1510, 1550 என்றும், மதிப்பெண் கொடுத்தவர்கள் 40 சதவீதம் என்றும் இருப்பதாகக் கொள்வோம். நடு எண்ணான 1510-ஐத் தொட்டால் தயங்காமல் அனுப்புங்கள். 1450-க்கு நன்றாகக் கீழே இருந்தால் பொதுவாக வேண்டாம். இடையில் மாட்டிக்கொண்டால் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்.

ஒன்று, கொடுத்தவர்களின் சதவீதம். 40 பேர்தான் கொடுத்தார்கள் என்றால் நல்ல மதிப்பெண் வைத்திருந்தவர்கள்தான் கொடுத்திருப்பார்கள். மற்ற 60 பேரின் எண் இதில் இல்லை. அந்த வகுப்பின் உண்மையான நடுமதிப்பு 1510-க்குக் கீழேதான் இருக்க வாய்ப்பு. ஆகவே 1470, 1480 என்ற எண்கள் தாளில் தெரிவதைவிட வலுவானவை.

இரண்டு, பிரிவு மதிப்பெண். மொத்தம் 1470-ஆக இருந்தாலும் கணிதம் 790 என்றால் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிப்பவருக்கு அது பேசும். அதே 1470-இல் கணிதம் 690 என்றால் அதே துறைக்கு நான் அனுப்பமாட்டேன்.

மூன்றாவதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முக்கியம். உங்கள் பள்ளியை, விண்ணப்பத்தைப் படிக்கும் சேர்க்கை அலுவலருக்குத் தெரியுமா? அமெரிக்காவின் பெரிய நகரப் பள்ளியிலிருந்து ஆண்டுக்கு முப்பது பேர் விண்ணப்பித்தால், அந்தப் பள்ளியின் மதிப்பெண்ணுக்கு என்ன எடை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நாமக்கல்லிலோ திருநெல்வேலியிலோ மாநிலப் பாடத்திட்டத்தில் 600-க்கு 585 வாங்கிய பிள்ளையை எதோடு ஒப்பிடுவது என்று அவருக்குப் பிடிபடாமல் போகலாம். அப்போது எஸ்.ஏ.டி.தான் அவர் கையில் இருக்கும் பொது அளவுகோல். ஆகவே இந்தியப் பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளை, இடைப்பட்ட மதிப்பெண் வைத்திருந்தால், அனுப்பும் பக்கமே சாய வேண்டும் என்பது என் கருத்து.

டார்ட்மவுத் 2024-இல் தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கியபோது சொன்ன காரணங்களில் ஒன்றும் இதற்கு அருகில் வருகிறது. வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த சில மாணவர்கள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணை, கல்லூரியின் நடு எண்ணுக்குக் கீழே இருக்கிறது என்று நினைத்து மறைத்துவிட்டார்களாம். சூழலோடு வைத்துப் பார்க்கும் அலுவலருக்கு அந்த எண் பெரியதாகத் தெரிந்திருக்கும்.

வேண்டாம் என்று முடிவெடுக்குமுன் உதவித்தொகைப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். சேர்க்கைக்கு விருப்பம் என்று சொல்லிவிட்டு, தகுதி உதவித்தொகைக்கு மதிப்பெண் கேட்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள் உண்டு. சேர்க்கையைச் சற்றும் பாதிக்காத 1380, நான்கு ஆண்டுக் கட்டணத்தில் பெரிய தொகையைக் குறைக்கலாம்.

6. இலவசமாகக் கிடைக்கும் நான்கு அறிக்கைகள்

எஸ்.ஏ.டி. பதிவோடு நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம். தேர்வு முடிந்து ஒன்பது நாள் வரை அந்தச் சலுகை உண்டு. முடிவு வருவதோ ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. அதாவது மதிப்பெண்ணைப் பார்க்காமலே அனுப்பினால்தான் இலவசம்.

இலவசம் என்றதும் கை அரிக்கும். பொறுங்கள். எல்லாத் தேர்வுகளையும் கேட்கும் கல்லூரி பட்டியலில் இருந்தால் அதற்கு ஓர் இலவசத்தைச் செலவழியுங்கள். எப்படியும் போகப்போகிற மதிப்பெண், நஷ்டம் ஏதுமில்லை. தேர்வு கட்டாயம், ஆனால் உங்களுக்கு எளிதில் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த கல்லூரிக்கும் அனுப்பலாம். மற்றவற்றுக்கு வேண்டாம். கட்டணம் மிச்சமாகிறது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த படியைப் படித்தால் அந்தக் கட்டணமே பல இடங்களில் தேவைப்படாது என்பது தெரியும்.

அமெரிக்காவில் படிக்கும், கட்டண விலக்குப் பெற்ற மாணவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவர்கள் முடிவைப் பார்த்த பிறகும் இலவசமாகவே அனுப்பிக்கொள்ளலாம்.

7. விண்ணப்பத்தில் நீங்களே எழுதுவது

இப்போது நிறையக் கல்லூரிகள் விண்ணப்பத்தில் மாணவர் தாமே எழுதும் மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கின்றன. இடம் கிடைத்துச் சேரும்போது மட்டும் அதிகாரபூர்வ அறிக்கை கேட்கும். எம்.ஐ.டி.யும் அப்படித்தான். இதையும் உங்கள் தாளில் கல்லூரிக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கல்லூரிக்குப் பணம் கட்டுவதும் இரண்டுக்குக் கட்டுவதும் ஒன்றல்ல.

காமன் ஆப் (ஒரே படிவத்தில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் இணையதளம்) விண்ணப்பத்தில் தேர்வுப் பக்கம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொது. ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் வாங்கிய உயர்ந்த மதிப்பெண்ணையும் அதன் தேதியையும் கேட்கும். நம் மாணவி 730, ஆகஸ்ட் என்றும், 790, அக்டோபர் என்றும் எழுதுவாள். இது தவிர, பல கல்லூரிகளின் தனிக் கேள்விப் பகுதியில் "மதிப்பெண்ணைப் பரிசீலிக்க வேண்டுமா?" என்ற கேள்வி இருக்கும். ஒரு கல்லூரிக்கு வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் இங்கே 'இல்லை' சொல்ல வேண்டும், பொதுப் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு கல்லூரிக்கு அனுப்பியபின் அந்தப் பக்கத்தைத் திருத்தி அடுத்த கல்லூரிக்கு அனுப்ப முடியும். எனவே மதிப்பெண்ணோடு போகும் கல்லூரிகளை முதலில் அனுப்பி முடியுங்கள், பிறகு எடுத்துவிட்டு மற்றவற்றை அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் சமர்ப்பிக்குமுன் காட்டப்படும் பி.டி.எஃப். முன்தோற்றத்தைக் கடைசிப் பக்கம் வரை பாருங்கள். கல்லூரியின் கையில் போகப்போவது அதுதான்.

பள்ளியிலிருந்து போகும் காகிதத்தையும் மறக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் நன்றாக யோசித்து 1350-ஐ மறைத்தான். அவனுடைய பள்ளி ஆலோசகர் பாசத்தோடு எழுதிய பரிந்துரைக் கடிதத்தின் இரண்டாம் பத்தி, "எஸ்.ஏ.டி.யில் 1350 எடுத்த எங்கள் பெருமைக்குரிய மாணவர்" என்று தொடங்கியது. ஆலோசகரிடமும் ஆசிரியர்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் சில, பள்ளி மதிப்பெண் சான்றிலேயே எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்ணையும் அச்சிடும். அதையும் கேட்டு நீக்கச் சொல்லலாம்.

எழுதும் எண்ணில் பத்து கூடப் பிசகக் கூடாது. சேரும்போது அதிகாரபூர்வ அறிக்கையோடு ஒப்பிடுவார்கள்.

8. அதிகாரபூர்வ அறிக்கை: பெயரும் குறியீடும்

தொழில்நுட்பத் தவறுகள் நடப்பது இங்கேதான், அதுவும் தமிழ்ப் பெயர்களில் அதிகம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்துதான். கவின் என்ற பையன் பள்ளியில் மு. கவின். பாஸ்போர்ட்டில் 'கவின்' என்பது பெயர், 'முருகேசன்' என்பது குடும்பப் பெயர். எஸ்.ஏ.டி. பதிவில் அவசரத்தில் 'கவின் எம்'. காமன் ஆப்பில் 'கவின் முருகேசன்'. கல்லூரிக்கு அறிக்கை போய்ச் சேரும், ஆனால் இந்த மூன்று கவின்களும் ஒருவரே என்று அங்கிருக்கும் கணினிக்குத் தெரியாது. கல்லூரி உங்களுக்குத் தரும் கணக்கில் 'மதிப்பெண் வரவில்லை' என்றே காட்டிக்கொண்டிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி, உள்ள வரிசையில், எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஏற்கெனவே மாறிவிட்டிருந்தால், கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு பெயர்களையும் பிறந்த தேதியையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் கையால் இணைத்துவிடுவார்கள்.

அடுத்தது கல்லூரிக் குறியீடு. பெயரைத் தட்டச்சு செய்து முதலில் வருவதைச் சொடுக்காதீர்கள். மயாமி பல்கலைக்கழகம் என்று ஒன்று ஓஹையோவில் இருக்கிறது, இன்னொன்று ஃபுளோரிடாவில். வாஷிங்டன் என்ற பெயரில் சியாட்டிலில் ஒன்று, செயின்ட் லூயிசில் ஒன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் பென்சில்வேனியா ஸ்டேட்டும் வேறு வேறு. ஊரையும் மாநிலத்தையும் பார்த்து, கல்லூரியே தன் பக்கத்தில் போட்டிருக்கும் நான்கு இலக்கக் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். எம்.ஐ.டி.க்கு எஸ்.ஏ.டி. குறியீடு 3514. ஏ.சி.டி.க்கு வேறு குறியீடு என்பதையும் கவனியுங்கள். நான் ஒருமுறை ஃபுளோரிடாவுக்கு அனுப்ப நினைத்து ஓஹையோவுக்கு அனுப்பிவிட்டேன். கட்டிய பணம் போனது போனதுதான்.

கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நாள் வேறு, கல்லூரியில் கோப்போடு சேரும் நாள் வேறு.

9. ஏ.பி.யும் டோஃபெலும்

ஏ.பி. மதிப்பெண்ணை விண்ணப்பத்தில் நீங்களே எழுதலாம், எதை எழுதுவது என்பதும் பெரும்பாலும் உங்கள் விருப்பம். ஐந்துக்கு 4 அல்லது 5 வாங்கியவற்றை எழுதுங்கள். 3 என்றால் கல்லூரியைப் பொறுத்தது. யேலுக்கு எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.பி.யைக் காட்டுவதாக இருந்தால் விண்ணப்பிக்கும் வரை எழுதிய எல்லா ஏ.பி.யையும் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. காலேஜ் போர்டிலிருந்து போகும் அதிகாரபூர்வ ஏ.பி. அறிக்கையில் எல்லா ஆண்டுகளின் எல்லாப் பாடங்களும் இருக்கும், ஸ்கோர் சாய்ஸ் அங்கே கிடையாது. ஒன்றை மறைக்க வேண்டுமானால் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே அதைச் சேரும் கல்லூரிக்கு மட்டும், சேர்ந்த பிறகு அனுப்பினால் போதும்.

டோஃபெல், ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகள் வேறு கணக்கு. அங்கே குறைந்தபட்ச எண்ணைத் தாண்டினீர்களா என்பதுதான் முதல் கேள்வி, தாண்டியிருந்தால் அனுப்பிவிடுங்கள். இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால் பதினோராம் வகுப்புத் தொடக்கத்திலேயே எழுதியவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

10. அனுப்பிய பிறகு

விண்ணப்பித்த சில நாட்களில் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு தனிக் கணக்கு தரும். அதில் எது வந்தது, எது வரவில்லை என்ற பட்டியல் இருக்கும். மதிப்பெண்ணுக்கு எதிரே வரவில்லை என்றிருந்தால் உடனே இன்னொரு அறிக்கைக்குப் பணம் கட்டாதீர்கள். பத்து நாள் பொறுங்கள். பிறகும் மாறவில்லை என்றால் அனுப்பிய தேதியையும் ஆர்டர் எண்ணையும் குறிப்பிட்டு எழுதுங்கள். மதிப்பெண் வேண்டாம் என்று சொன்ன கல்லூரியின் பட்டியலில் அது 'தேவை' என்று இருந்தால், ஏழாம் படியின் அந்தக் கேள்விக்குத் தவறாக 'ஆம்' சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள். அதை மாற்றுவதற்கான படிவம் பெரும்பாலும் அதே கணக்குக்குள் இருக்கும். இல்லையென்றால் விண்ணப்பப் பரிசீலனை தொடங்குமுன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.